சிங்காரம் மேஸ்திரியின் சொல்லும் என் அரை லிட்டரும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கிக்கொண்டிருந்தேன். ஒருமுறை துணிந்து ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தின் உச்சியில் சிலுவை போட்டு, "இயேசு மரி சூசை துணை" என்று எழுதினேன். அதற்கு அடுத்த வரி வரவில்லை. நோட்டு பேரப்பிள்ளைகள் படம் வரைந்தே தீர்ந்துபோனது. எட்டாவது வரை படித்தவனுக்கு எழுத வராதது அதிசயம் இல்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். வராமல் போனது எழுத்து அல்ல, தைரியம்.

இப்போது எழுத வைத்தது ஒரு சிரிப்பு.

போன தவக்காலத்தில், நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த விருத்தாசலம் ஒர்க்‌ஷாப்புக்குச் சும்மா போயிருந்தேன். ஓய்வு பெற்றவர்களுக்கு இப்படிச் சும்மா போவது ஒரு வியாதி. அங்கே இப்போதுள்ள மெக்கானிக் ஒரு காரில் ஒயரைச் சொருகிக் கையிலுள்ள பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதைக்கூட அந்தப் பெட்டியே சொல்லிவிடுகிறது. குனிய வேண்டாம், அளவுக் கம்பியை உருவ வேண்டாம், வேட்டியில் துடைக்க வேண்டாம். காரைக் கொண்டுவந்தவர், "பழைய வண்டி வாங்கறேன் தம்பி, எண்ணெ ஒழுகாதுன்னு நீங்க சொல்லிடுங்க, வாங்கிடறேன்" என்றார். அதற்கு மெக்கானிக், "சிங்காரம் வாக்கு கேக்கறீங்களா சார்?" என்றார். பட்டறையே சிரித்தது.

அந்தப் பட்டறையில் இருந்த ஒருவரும் சிங்காரம் மேஸ்திரியைப் பார்த்ததில்லை. சிங்காரம் என்று ஓர் ஆள் இருந்தாரா என்பதுகூட அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நிற்காத சொல்லுக்கு எங்கள் தொழிலில் அவர் பெயர் நின்றுவிட்டது. சுற்றி எல்லோரும் சிரித்ததால் நானும் கொஞ்சம் சிரித்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் செபமாலை சொல்லும்போது மூன்றாம் தேவ இரகசியத்தில் நின்றுவிட்டேன். "என்னாங்க, தூங்கிட்டீங்களா?" என்றாள் என் மனைவி. தூங்கவில்லை.

நான் தொழில் கற்ற கதையை நீட்டவில்லை. அப்பா செம்பளக்குறிச்சிப் பக்கம் குத்தகைக்கு உழுதவர். படிப்பு ஏறாததால் பங்குச் சாமியார் சொல்லி என்னைப் பட்டறையில் சேர்த்தார்கள். முதல் ஐந்து வருடம் சக்கரம் கழற்றினேன். அடுத்த ஐந்து வருடம் கழற்றியதை மாட்டினேன். அதற்கப்புறம்தான் எஞ்சினைத் தொட விட்டார்கள். அப்படி விட்டவர் சிங்காரம் மேஸ்திரி.

மேஸ்திரி உயரம் குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. காலையில் பழமலைநாதர் கோயிலுக்குப் போய் நெற்றி நிறையத் திருநீறு இட்டு வருவார். என் கழுத்தில் கிடக்கும் மாதா படம் போட்ட உத்தரியக் கயிற்றைப் பார்த்து, "மரியதாசு, ஒங்க ஆளும் எங்க ஆளும் சேர்ந்து பாத்தாத்தான் இந்த கெரகம் பிடிச்ச லாரி கெளம்பும்" என்பார். அதுதான் அவருடைய பெரிய பேச்சு. வண்டி வந்தால் உடனே தொட மாட்டார். முதலில் சுற்றி வருவார். அப்புறம் மோந்து பார்ப்பார். மூன்றாவதாக டீ குடிப்பார். வண்டிக்காரர் பொறுக்க முடியாமல், "சரியாயிடுமா மேஸ்திரி?" என்று கேட்பார். "பாப்போம்" என்பார் அவர். இருபது வருடத்தில் "பாப்போம்" என்பதைத் தவிர வேறு வாக்கை அவர் யாருக்கும் கொடுத்து நான் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை கொடுத்தார். அந்த ஒரு முறைதான் ஊருக்கு ஞாபகம் இருக்கிறது.

இரண்டாயிரமாவது வருடம் கழிந்து நாலைந்து வருடம் இருக்கும். செராமிக் கம்பெனி நடத்திய சபாபதி முதலாளி எங்கள் பட்டறைக்கு வந்தார். வீடுகளில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் செய்கிற கம்பெனி அவருடையது. சூளையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். வெள்ளையில் கடுகளவு கருப்புப் புள்ளி இருந்தால் போதும், உடைத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு ஐம்பது வயதில் ஓர் ஆசை வந்தது. புதுச்சேரியில் ஒருவர் விற்கிறார் என்று ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இரண்டே பேர் உட்காரலாம். தரையிலிருந்து ஒரு சாண் உயரம். பழைய வண்டி, பல கை மாறியது.

"எல்லாம் புடிச்சிருக்குது மேஸ்திரி. ஆனா இந்த மாதிரி வண்டி எண்ணெ ஒழுகும்ங்கறாங்க. அத நெனச்சாத்தான் சோறு எறங்கல" என்றார்.

"வண்டிய இங்க கொண்டாரச் சொல்லுங்க. பாப்போம்."

வண்டி வந்தது. விற்கிறவர் எஞ்சினைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று அனுப்பியிருந்தார். முதலாளி பூரித்துப் போனார். மேஸ்திரிக்கு முகம் சுண்டிவிட்டது. "குளிச்சிட்டு வந்த எஞ்சினு பொய் சொல்லும் மரியதாசு. ரெண்டு நாளு ஓடி அழுக்காவட்டும், அப்பறம் விசாரிப்போம்" என்றார்.

அவர் விசாரித்த முறையை எழுதிவைக்கிறேன். இப்போதுள்ள பெட்டி இதைச் செய்யாது. முதலில் சேத்தியாத்தோப்பு வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பினோம். எஞ்சின் ஆறியதும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, காற்றடித்து, துளி ஈரமில்லாமல் உலர்த்தினோம். பிறகு மேஸ்திரி, முதலாளியின் கம்பெனியிலிருந்து வெள்ளைக் களிமண் மாவு ஒரு பை வரவழைத்தார். பீங்கானுக்குச் சலித்து வைத்த மாவு, குழந்தைக்குப் போடும் பவுடர் மாதிரி இருக்கும். அதை மெல்லிய துணியில் மூட்டை கட்டி, எஞ்சின் மேல் தட்டித் தட்டி, முழுவதும் வெள்ளையாக்கினார். தேருக்குச் சுண்ணாம்பு அடித்தது போல நின்றது எஞ்சின். அதை அரை மணி நேரம் ஓட விட்டு நிறுத்தினோம். எண்ணெய் எங்கே கசிந்தாலும் அங்கே மாவு கருக்கும். கருத்த கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போக வேண்டும்.

"சொட்டற எடத்துல ஓட்ட இருக்காது. ஓட்ட மேல இருக்கும், சொட்டு கீழ வரும். ஊர் வம்பு மாதிரிதான்" என்றார்.

ஒரே இடத்தில்தான் மாவு கருத்திருந்தது. மேல் மூடி சேருகிற இடத்தில், விரல் நீளத்துக்கு ஈரம். வழியவில்லை. மேஸ்திரி மூன்று வகை சொல்வார்: வேர்வை, கசிவு, ஒழுக்கு. வேர்வை வயசான எல்லா எஞ்சினுக்கும் உண்டு, அதைத் துடைத்தால் போதும். கசிவு இருந்தால் கவனிக்க வேண்டும். ஒழுக்கு இருந்தால் வாங்கவே கூடாது. இது வேர்வை.

"வேர்வைன்னா? ஒழுகும்ங்கறீங்களா, ஒழுகாதுங்கறீங்களா?" என்றார் முதலாளி.

"வேர்வை மொதலாளி. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. பாப்போம்."

"ஒத்த வார்த்த சொல்லுங்க மேஸ்திரி. இல்லன்னா வுட்டுடுங்க, நான் சென்னையிலருந்து ஒரு எஞ்சினீயர வரவழைச்சிப் பாத்துக்கறேன். ஒங்களுக்கு எதுக்கு செரமம்?"

முதலாளி அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மேஸ்திரியின் காது சிவந்ததை நான் பார்த்தேன். கையிலிருந்த துணியை நாலாக மடித்து வைத்தார். "ஒழுகாது. வாங்குங்க. இந்த எஞ்சினு ஒழுகினா அன்னியோட நான் ஸ்பேனரத் தொட மாட்டேன்" என்றார்.

பட்டறையில் எட்டுப் பேர் இருந்தோம். எட்டுப் பேரும் கேட்டோம். மத்தியானத்துக்குள் அது பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் போய்விட்டது.

கார் வந்துவிட்டது. முதலாளியின் கவலை போகவில்லை, இன்னும் கூடிப்போனது. கம்பெனிக்குள் ஒரு பழைய கொட்டகையில் காரை நிறுத்தினார். தினம் சாயங்காலம் எஞ்சினுக்கு நேர் கீழே தரையில் ஒரு வெள்ளைத் தட்டு வைப்பார். ஒருமுறை மட்டும் சுட்டு, மேல் பூச்சு பூசாத தட்டு. அதை அங்கே பிஸ்கட் என்பார்கள். நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அப்படி உறிஞ்சும். காலையில் சாமி கும்பிடும் முன்பே வந்து தட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். ஒரு சொட்டு எண்ணெய் சாதாரணத் தரையில் உளுந்தளவு நிற்கும். பிஸ்கட்டில் அது பரவி எட்டணாக் காசு அகலம் ஆகிவிடும். புள்ளிக்குப் பீங்கானை உடைக்கிற மனுஷன், எட்டணாவைப் பார்த்தால் என்ன ஆவார்? தட்டின் பின்னால் பென்சிலில் தேதி எழுதி, ஆபீஸ் அலமாரியில் வரிசையாக அடுக்கினார். சரக்கு வாங்க வரும் பார்ட்டிகள் புது டிசைன் என்று நினைத்து எடுத்துப் பார்ப்பார்களாம்.

முதலாளியின் வீட்டம்மா ஒருமுறை எங்களிடம் சொன்னார்: "ரெண்டு பேரு ஒக்கார வண்டிங்க அது. ஒண்ணுல அவரு ஒக்காந்துக்கறாரு, இன்னொண்ணுல அவரு கவல ஒக்காந்துக்குது. எனக்கு எங்க எடம்?"

தினமும் பட்டறைக்குப் போன் வரும். "மேஸ்திரி, இன்னிக்கி ஒரு புள்ளி." "வேர்வை மொதலாளி." "நேத்திக்கிவிட பெருசா இருக்குது மேஸ்திரி." "வேர்வைதாங்க." போனை வைத்ததும் மேஸ்திரி துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைப்பார். அதற்குள் ஊரில் விசாரிப்பு ஆரம்பித்திருந்தது. டீக்கடையில் உட்கார்ந்தால், "என்னா மேஸ்திரி, ஸ்பேனரு இன்னும் கையில இருக்குதா?" என்பார்கள். அவர் டீயைப் பட்டறைக்கே வரவழைத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

அந்த வேதனையை என்னால் பார்க்க முடியவில்லை. நான் காலைப் பூசைக்குப் போய் வரும் வழியில்தான் கம்பெனி. ஒருநாள் திரும்பும்போது வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே போனேன். கார் நின்றது. பின் சக்கரங்களுக்கு இரண்டு செங்கல் அண்டை கொடுத்திருந்தார்கள். அது எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மூடியைத் தூக்கி, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். கம்பியில் மேல் கோடு, கீழ்க் கோடு என்று இரண்டு உண்டு. எண்ணெய் கீழ்க் கோட்டுக்கும் கீழே நின்றது.

பட்டறையில் மேஸ்திரியே மேல் கோடு வரைக்கும் ஊற்றி அனுப்பிய வண்டி அது. ஒரு லிட்டருக்கு மேல் குறைகிறது. தட்டில் எட்டணாப் புள்ளி, கம்பியில் ஒரு லிட்டர். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று நின்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை, பயந்தேன். நான் பயந்தது எஞ்சினுக்காக அல்ல, மேஸ்திரிக்காக.

மறுநாள் பூசைக்குப் போகும்போது ஜெபப் புத்தகம் இருந்த அதே பையில் அரை லிட்டர் எஞ்சின் எண்ணெய் டப்பாவையும் வைத்துக்கொண்டேன். நற்கருணை வாங்கும்போது அந்தப் பை என் காலடியில்தான் இருந்தது. திரும்பும் வழியில் ஊற்றினேன். எண்ணெய் கீழ்க் கோட்டைத் தொட்டது. மீதியையும் இன்னொரு நாள் ஊற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். மேஸ்திரியிடம் சொல்லவில்லை. சொன்னால், 'உங்கள் வாக்கை நான் நம்பவில்லை' என்று சொன்னதாகிவிடும் அல்லவா? ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். எண்ணெய் குறையவில்லை. கொஞ்சம் ஏறியே இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன், மேல் கோட்டில் நின்றது. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஏற்றியது நிஜம்.

அதற்கடுத்த வாரம் முதலாளிக்குத் திருச்சியில் ஒரு கூட்டம். கூட்டாளிகள் எல்லோரும் வருகிறார்கள், சிவப்புக் காரில்தான் போய் இறங்க வேண்டும். அன்று காலைத் தட்டைப் பார்த்தார். புள்ளியே இல்லை. பால் மாதிரி வெள்ளை. போனில் அவர் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது: "மேஸ்திரி, சுத்தம்! ஒரு புள்ளி இல்ல! நீங்க ஜெயிச்சிட்டீங்க!" மேஸ்திரி ரொம்ப நாளைக்கப்புறம் டீக்கடைக்கு நடந்தே போனார்.

பதினோரு மணிக்கு மறுபடி போன் வந்தது. வேப்பூர் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறி வேகம் எடுத்ததும் பின்னால் புகை. முதலில் லேசாக, பிறகு செங்கல் சூளை மாதிரி. ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்திய இடத்தில் எண்ணெய் குளம் கட்டிவிட்டதாம். கடைக்காரர் வாளியில் மணல் கொண்டுவந்து கொட்டினாராம்.

லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். மேஸ்திரி யாரையும் தொட விடவில்லை. அவரே படுத்து அடியில் போய், போல்ட்டைக் கழற்றி எனாமல் பேசினில் எண்ணெயை வடித்தார். நாலு லிட்டர் பிடிக்கிற எஞ்சின். ரோட்டில் கொட்டியது போக மீதிதானே வர வேண்டும்? நாலு லிட்டர் பேசின் நிறைந்தது. அவர் கையை நீட்டி, "இன்னொண்ணு குடு" என்றார். கொடுத்தேன். அதிலும் அரை லிட்டர் இறங்கியது.

அடியிலிருந்து வெளியே வந்து இரண்டு பேசினையும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எண்ணெய் குறைந்தால் எஞ்சின் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் கெடும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மேல் கோட்டைத் தாண்டினால் உள்ளே சுழலுகிற தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். வேகம் எடுத்ததும் அழுத்தம் ஏறும். போக்கிடம் இல்லாமல், எண்ணெயைத் தடுத்து நிற்கிற ரப்பர் சீலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். ஒழுகாத எஞ்சினை ஒழுக வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

நான் ஊற்றியது அரை லிட்டர். ரோட்டில் கொட்டியதையும் சேர்த்தால், கூடியிருந்தது ஒன்றரை லிட்டராவது இருக்கும். மீதி ஒரு லிட்டர் எங்கிருந்து வந்தது? ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பலுகச் செய்த இயேசு எண்ணெயையும் பலுகச் செய்துவிட்டாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு குழப்பம்.

முதலாளி, "தட்டு சுத்தமா இருந்துச்சே மேஸ்திரி, தட்டு சுத்தமா இருந்துச்சே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சீலு போயிடுச்சி மொதலாளி. ஒழுகாதுன்னு சொன்னேன். ஒழுகிடுச்சி" என்றார் மேஸ்திரி.

"அதுக்காக என்னா? ரிப்பேரு பண்ணிடுங்க. அன்னிக்கி ஏதோ பேச்சுவாக்குல சொன்னீங்க. அதப் போயி..."

"பேச்சுவாக்குல நான் எதையும் சொல்றதில்லிங்க."

ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் சுருட்டினார். நான் இரண்டு முழம் தள்ளி நின்றேன். வாயைத் திறந்தேன். 'நான் ஊத்தினேன் மேஸ்திரி' என்ற மூன்று வார்த்தைதான். பட்டறை ஆட்கள் எல்லோரும் நின்றார்கள், முதலாளி நின்றார், வாய் மூடிக்கொண்டது. சேவல் ஒன்றும் கூவவில்லை. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவுக்காவது அந்த உதவி கிடைத்தது.

மேஸ்திரி ஊரைவிட்டுச் சேத்தியாத்தோப்புக்கே போய்விட்டார், அவர் மனைவி அஞ்சலையம்மாளின் ஊர். பட்டறையில் அவர் இடம் எனக்கு வந்தது.

சென்னையிலிருந்து சீல் வரவழைத்து நானே மாட்டினேன். மேல் கோடு வரைக்கும் சரியாக எண்ணெய் ஊற்றி, ஓட்டிக் கொண்டுபோய்க் கொட்டகையில் விட்டேன். அப்போது ஒரு பெண் கொட்டகையைக் கழுவ வாளித் தண்ணீரை வீசினாள். முன் சக்கரத்தில் விழுந்த தண்ணீர் நிற்காமல் பின் சக்கரத்துக்கு ஓடியது. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"என்னாண்ணே பாக்கறீங்க?" என்றான் முதலாளியின் டிரைவர் ஏழுமலை.

"தரை சரியுது ஏழுமல."

"வாட்டம்ணே. முன்னாடி இங்கதான் பூச்சுத் தொட்டியெல்லாம் கழுவுவாங்க, தண்ணி ஓடணும்ல? அதான் செங்கல் வெச்சிருக்கோம். இல்லன்னா வண்டி பின்னாடி போயிடும்."

கம்பியை உருவிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு முன் மேல் கோட்டில் இருந்த எண்ணெய், கீழ்க் கோட்டுக்குக் கீழே நின்றது. கார் முகத்தைத் தூக்கி நிற்கிறது, எண்ணெய் பின்னால் போய்த் தேங்குகிறது, கம்பி முன்னால் இருக்கிறது. அவ்வளவுதான். சமதரையில் நிறுத்தித்தான் எண்ணெய் பார்க்க வேண்டும் என்பது நான் தொழிலுக்கு வந்து எஞ்சினைத் தொட்ட முதல் நாள் கேட்ட பாடம். அந்த வேர்வையைத் தவிர வண்டியிலிருந்து எண்ணெய் எங்கேயும் போகவில்லை. முழு எண்ணெயும் உள்ளேயே இருந்திருக்கிறது.

ஏழுமலை பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அப்பவும் கம்பில இப்டித்தான் கம்மியா காட்டுச்சி. மொதலாளி பாத்தா மேஸ்திரி பேரு போயிடும்னு நான் ஒரு அரை லிட்டரு ஊத்தி வெச்சேன்."

அப்படியானால் இன்னும் அரை லிட்டர் பாக்கி.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சேத்தியாத்தோப்பு பஸ் ஏறினேன். மேஸ்திரி ஒரு வேப்பமரத்தடியில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சின் ஒன்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஸ்பேனரைத் தொடவில்லை. இதைக் கழட்டு, அதை மாட்டு என்று விவசாயிக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த எஞ்சின் நாலு பக்கமும் ஒழுகியது. "இந்த ஊர்ல ஒழுகாத எஞ்சினே கெடையாது மரியதாசு. ஒருத்தனும் கவலப்படறதில்ல. நிம்மதியா இருக்குது" என்றார்.

நான் ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டார்: "நீ எவ்ளோ ஊத்தின?"

"அரை லிட்டரு மேஸ்திரி."

"டிரைவரு?"

"அவனும் அரை."

தலையை ஆட்டினார். "நான் அரை. கோயிலுக்குப் போயிட்டு வரப்ப, திருநீறு பொட்டலத்தோட பையில வெச்சி எடுத்தாந்தேன். பிரதோஷத்தன்னிக்கி." விரல் விட்டுக் கூட்டிப் பார்த்து, "ஒண்ணர. சரியா இருக்குது" என்றார். ஒரு வேலை ஒழுங்காக முடிந்தது போல அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. எனக்கு அழுகை வந்தது.

தரையின் வாட்டத்தைச் சொன்னேன். அதை மட்டும் அவர் அறிந்திருக்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். "அப்ப ஒழுகல" என்றார்.

"ஒழுகல மேஸ்திரி. நீங்க சொன்னதுதான் சரி. நான் நாளைக்கே மொதலாளிகிட்டப் போயி எல்லாத்தையும் சொல்லிடறேன். நீங்க திரும்பி வாங்க."

"சொல்லக் கூடாது."

"ஏன் மேஸ்திரி?"

"ஒழுகாதுன்னு சொன்னவன் எதுக்குடா பையில எண்ணெயோட போனான்னு கேப்பாரு. நான் என்னா சொல்றது?" விவசாயி காதில் விழாமல் மெதுவாகப் பேசினார். "தப்பா சொன்ன மேஸ்திரின்னு பேரு இருந்தா இருந்துட்டுப் போவுது. மேஸ்திரின்னா தப்பு வரும். தான் சொன்னத தானே நம்பாதவன்னு பேரு வாங்க மாட்டேன். மொதலாளி உசுரோட இருக்கற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. ஒங்க மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அந்தச் சத்தியம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் ஊற்றியதும் அதற்குள் பத்திரமாக மூடிக்கொண்டது. இனி காரைப் பட்டறை முன்னால் சமதரையில் நிறுத்தி நான்தான் எண்ணெய் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் ஏதோ ஒரு சாக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு நாலு வருடம் அந்தக் கார் ஓடியது. எப்போதாவது ஒரு புள்ளி, அதுவும் வேர்வை. "மரியதாசு கைய வெச்சதுக்கப்பறம்தான் வண்டி வண்டியா இருக்குது" என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார். கடலூரிலிருந்தெல்லாம் எண்ணெய் ஒழுகுகிற கார்களை என்னிடம் கொண்டுவந்தார்கள். ஒரு ஒழுக்கையும் அடைக்காமல் ஒழுக்கு அடைக்கிறவன் என்று பெயர் எடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். புதிதாக வந்த சாமியார் பொறுமையாகக் கேட்டார். "எண்ணெ ஊத்தினது பாவமாப்பா?" என்றார். "அதிகமா ஊத்தினா எஞ்சினுக்குக் கெடுதி, ஃபாதர்" என்றேன். "எஞ்சின வுடு. ஒனக்கு எது கெடுதி?" என்றார். "சொல்லாதது" என்றேன். 'அருள் நிறைந்த மரியே' செபம் மூன்று சொல்லச் சொன்னார். சத்தியத்தின் கெடு முடிந்ததும் உண்மையைச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லவும் சொன்னார். மூன்று செபத்தையும் அன்றே முடித்துவிட்டேன்.

மேஸ்திரி ஆறு வருடம் கழித்துக் காலமானார். சாவுக்குப் போயிருந்தேன். அஞ்சலையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தடவ தப்பா சொல்லிட்டேன்னு அந்த மனுசன் எங்கிட்டகூட ஒரு வார்த்த பேசலய்யா, மனசுலயே வெச்சிக்கினாரு. நீயாவது அந்த வண்டியச் சரி பண்ணி அவரு பேரக் காப்பாத்தின. நல்லா இருப்ப" என்றார். முதலாளி அப்போது உயிரோடு இருந்தார். அதனால் சும்மா நின்றேன்.

முதலாளி போன வருடம் போய்ச் சேர்ந்தார். எனக்கு இருந்த சாக்கும் அவரோடு போய்விட்டது. அதற்கப்புறம் மூன்று முறை சேத்தியாத்தோப்புக்குப் போனேன். மூன்று முறையும் அந்த அம்மாளின் வாசல் வரைக்கும் போய், வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு, சௌக்கியம் விசாரித்துவிட்டுத் திரும்பினேன்.

இதை எழுதினால், தன் சொல்லைத் தானே நம்பாதவர் என்ற பேரும் அவருக்கு வந்துசேருமே என்று யோசித்தேன். வரட்டும். அவரை நம்பாதவர்கள் மூன்று பேர், அதில் அவரும் ஒருவர். அந்த மூவரில் சொன்னதற்காக விலை கொடுத்தவர் அவர் மட்டும்தான். மற்ற இருவரில் ஒருவன் டிரைவராகவே இருந்தான், ஒருவன் மேஸ்திரி ஆனான்.

இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது அழகுபடுத்த வேண்டாம். எஞ்சின் ஒழுகவில்லை என்பதை விட்டுவிட வேண்டாம். மேஸ்திரி ஊற்றியதை மறைக்க வேண்டாம். நான் ஊற்றியதை ஏழுமலை தலையில் சேர்த்துவிடவும் வேண்டாம். பட்டறைகளில் யாராவது "சிங்காரம் வாக்கு" என்று சிரித்தால், அங்கேயே நிறுத்தி இதை முழுவதும் சொல்லுங்கள். உங்களில் யாராவது சேத்தியாத்தோப்புப் பக்கம் போனால், அஞ்சலையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, ஒரு வரி விடாமல் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். காது கொஞ்சம் மந்தம். சத்தமாகப் படிக்க வேண்டும்.